பேர் சொல்லிக் கூப்பிட்டவர்

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன், சடையண்ணனோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவன், அதே ஆள்தான். எனக்கு எதற்கு இந்த வேலை, வேறு யாராவது எழுதட்டும் என்று மேட் பழனிச்சாமியிடம் சொல்லிப் பார்த்தேன். மேட் என்றால் தண்டவாள வேலை பார்க்கும் எங்கள் கேங்குக்குத் தலைவர்.

"நல்லவன், தங்கமானவன்னு எழுத ஊரே இருக்குது. அவங்கூட மல்லுக்கு நின்னவன் நீதான். நீ எழுதுனாத்தான் ஆளு எப்பிடின்னு நாலு பேத்துக்குத் தெரியும்" என்றார்.

பக்கத்து செக்‌ஷன்களில் அவரைத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள் என்றார். சரி. எனக்கு உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. உட்கார முடியாமல்தான் காலேஜை மூன்றாம் வருஷம் விட்டேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேதி வந்தபோது பாறை வெட்டு வளைவுக்கு இந்தப் பக்கம் ஜல்லி தள்ளிக்கொண்டிருந்தோம். மேட்டின் போன் அடித்தது. கேட்டார், "சரிங்க" என்றார், போனைப் பைக்குள் போட்டார். பிறகு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாராவது தண்டவாளத்தில் உட்கார்ந்தால் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற மனிதர். கவிதாக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு வளைவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மேட் எழுந்திருக்கும்வரை யாராவது ஒருவர் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டுமே.

"நம்ம சடையன் மொளகு மரத்துல இருந்து உழுந்துட்டானாமா" என்றார் மேட். "ரோட்டுக்குத் தூக்கியாறதுக்குள்ள போயிட்டானாமா."

அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. பாதி ஆயுளை ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் கழித்தவர். ஒரு கீறல் பட்டதில்லை. மிளகு பறிக்க லீவு போட்டுவிட்டுக் கொல்லிமலைக்குப் போய், சொந்தக் காட்டில், மிளகுக்கொடி ஏற்றத் தானே நட்ட சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து செத்தார். அவரிடமே இதைச் சொல்லியிருந்தால், "மரத்துக்குக் கொடி காட்ட ஆளு வெக்கலியே காலேஜு" என்று சொல்லியிருப்பார்.

காலேஜு என்றால் நான். பாதியில் விட்டதற்கு அவர் கொடுத்த பட்டம்.

அன்றைக்கே பைக்கில் மலை ஏறினேன். ஆலத்தூர் நாட்டில் அவர் ஊருக்குப் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும். எனக்கு முன்னால் எங்கள் கிளைச் செயலாளர் பளபளவென்ற செருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். பின்னால் ஒருவர் மாலையைத் தூக்கி வந்தார். அண்ணனின் நெஞ்சின் மேல் செயலாளர் சங்கக் கொடியை விரித்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒரு மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுக்காத சங்கம் இது. கொடியை எடுக்கக் கை நீட்டினேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராசம்மாக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எடுக்காத சாமி. அது அவருக்குப் புடிச்ச கொடி. திட்டிக்கிட்டே புடிச்ச கொடி."

விட்டுவிட்டேன்.

அவரை வேறு செக்‌ஷனிலிருந்து பார்த்தவர்களுக்குச் சங்கத்து ஆளாகத்தான் தெரியும். எங்களுக்கு அவர் லுக்-அவுட். நாங்கள் குனிந்து கடப்பாரை போடும்போது, நிமிர்ந்து நின்று வண்டியைப் பார்த்துச் சொல்கிறவர். எங்கள் வளைவு பாறையை வெட்டி விட்ட இடம். வண்டி பக்கத்தில் வரும்வரை கண்ணில் படாது. பத்துப் பேர் ஜல்லியில் இரும்பு போடும் சத்தத்தில் காதிலும் விழாது. மற்ற இடங்களில் லுக்-அவுட் விசில் ஊதுவார், எல்லோரும் ஒதுங்குவார்கள், முடிந்தது. சடையண்ணன் விசிலும் ஊதுவார், அதோடு ஒவ்வொருவராகப் பேர் சொல்லியும் கூப்பிடுவார். கூப்பிட்டவர் ஒதுங்கி நின்று குரல் கொடுத்தால்தான் அடுத்த பேருக்குப் போவார். மலையில் காட்டுக்குள் பிரிந்து வேலை செய்கிறவர்கள் இருட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. "பள்ளிக்கூடத்துல அட்டனன்ஸ் எடுக்கற மாதிரி இருக்குதுங்ணா" என்றேன்.

"விசிலு எல்லாத்துக்கும் பொது கண்ணு. பக்கத்துல இருக்கறவன் பாத்துக்குவான்னு அவனவன் குனிஞ்சே இருப்பான். பேரு அவனவனுக்கு. பேரச் சொன்னா செத்த பொணங்கூடத் திரும்பிப் பாக்கும்."

"பொணம் திரும்புனா நான் வேலைய உட்டுட்டு ஓடிருவனுங்ணா."

"நீதான் எதையும் பாதில உட்டுட்டு ஓடறவனாச்சே" என்றார். கேங்கே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் காலேஜு.

இனிச் சண்டைக்கு வருகிறேன். சந்தா விஷயம் உங்களில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள். அது மட்டும் ஒரு மாதமும் தவறாது. பிடித்தவர்களை எப்போது பார்ப்போம்? சங்கத் தேர்தல் வந்தால் பார்ப்போம். மேடையில் இருக்கிற ஒருவராவது கடப்பாரை தூக்கியவரா? ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் தண்டவாளத்தில் வேகிறவர்களுக்காகப் பேசுவார்களாம். கேங் குடிசைக்குக் கழிப்பறை கேட்டுக் கேட்டுக் கவிதாக்காவின் வாய் ஓய்ந்துவிட்டது. கேட்டால் ஒரே பதில்: "மேல பேசிட்டிருக்கோம்."

இந்தக் கோபம் முழுவதும் சடையண்ணன் தலையில்தான் விடியும். எங்கள் கேங்கில் சங்கத்து ஆள் அவர்தான். எங்களையெல்லாம் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வருஷா வருஷம் சங்கத்துக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்.

"வாங்க தலைவரே" என்பார் கவிதாக்கா. "காலண்டரு வந்துருச்சு. கக்கூசு எப்பங்க வரும்?"

"அதுக்குத்தான் காலண்டரு. தேதியப் பாத்துட்டே இரு, வந்துரும்."

"ஏனுங்க, எத்தன வருசத்துக் காலண்டர்னு சொல்லிட்டீங்கன்னா ஒட்டுக்கா வாங்கி வெச்சுக்குவேன்."

அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் செயலாளரிடமும் விடமாட்டார். ஒரு முறை "மேல பேசிட்டிருக்கோம் தோழர்" என்று செயலாளர் சொன்னதற்கு, "மேலன்னா எங்க மலைதானுங்க மேல. அங்க யாரும் வந்து பேசுன மாதிரி தெரியலீங்களே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மாதமும் சந்தா கட்டுவார். எனக்குப் புரியாதது அதுதான்.

பிறகு ரயில்வே ஆபீசிலிருந்து அந்த உத்தரவு வந்தது. ஆள் பற்றாக்குறை, இனி லுக்-அவுட் நிற்பவரும் மற்றவர்களோடு சேர்ந்து கருவி பிடிக்க வேண்டும். அதாவது வளைவில் யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் குனிந்திருப்போம். சங்கத்துக்குச் சொன்னோம். மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேங் குடிசையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் வெடித்தேன். அவர் மலையிலிருந்து கொண்டுவந்த குச்சிக்கிழங்கை, மரவள்ளியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், வேகவைத்து நடுவில் கொட்டியிருந்தார்.

"வெளிய வந்துருங்ணா. எல்லாரும் ஒட்டுக்கா எழுதிக் குடுத்துட்டாத்தான் அவங்களுக்கு ஒறைக்கும்."

"ஒறைக்கும். ஒரு நாளைக்கு. அப்பறம்?"

"அப்பறம் என்ன, சந்தா மிச்சம்."

"எங்கூர்ல கோயில் நோம்பிக்கு வரி குடுத்தவந்தான் கேள்வி கேக்கலாம் கண்ணு. குடுக்காதவன் கேட்டா அது கேள்வி இல்ல, வம்பு."

"உங்கூரு ஞாயம் மலைக்கு மேலீங்ணா. இங்க குடுக்கறவனும் கேக்க முடியல. கேட்டுட்டா மட்டும் பதிலு வருதா?"

"வரல."

"அப்பறம் எதுக்குங்ணா குடுக்கறது?"

"வராத பதில நாளைக்குப் போயிக் கேக்கறதுக்கு."

"நாளைக்கு நாம இருக்கோணுமே. வளைவுல வண்டி ஏறி ஒருத்தன் போனப்பறம் கேப்பீங்களா?"

அவர் கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். "தின்னுட்டுக் கோவப்படு. ஆறிரும்" என்றார்.

தின்னவில்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். என்னோடு மூன்று பேர் வெளியே வந்தார்கள். நான் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. எதையும் செய்யாத இடத்துக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? அன்றைக்குக் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம் அப்படியேதான் இருக்கிறது.

அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவரோ உத்தரவை மதிக்கவில்லை. வளைவுக்குப் போனதும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு தானாகவே நிற்பார். அவர் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம். இதற்காக அவருக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதித் தரச் சங்கத்தில் யாருக்கும் நேரமில்லை. கவிதாக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவரோடு பேசாமல், அவர் எதிரில் உட்கார்ந்து, அவருக்காக எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குது. காலேஜு காலேஜுதான்" என்று கவிதாக்காவிடம் சொன்னார்.

பேச்சில்லாத அந்த மழைக்காலத்தில் அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் நான் "வந்துட்டேன்" என்பதும் மட்டும்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அதையும் நான் வேண்டாவெறுப்பாக முனகுவேன். மழை முடியப் போகிற சமயம் ஒரு நாள் நல்ல சாரல், எதிர்க்காற்று. சரக்கு வண்டி. எல்லோரும் ஒதுங்கிவிட்டோம். நான் பாறைப் பக்கம் நின்று முனகியது அவருக்குக் கேட்கவில்லை.

"காலேஜு" என்று கத்தினார். மறுபடி சொன்னேன். காற்று கொண்டுபோய்விட்டது. "காலேஜு" என்று கத்திக்கொண்டே, கொடியைப் பிடித்தபடி, ஈர ஜல்லியில் வழுக்கி வழுக்கி என்னைத் தேடி ஓடி வந்தார். இஞ்சின் வளைவு திரும்பும்போது நான் பாய்ந்து போய் அவரைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்தேன். வண்டி முழுக்கப் போகும்வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். 

வண்டி போனதும் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "பேசாட்டிப் போ சாமி" என்றார். "சத்தமாப் பேசாம இரு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகும் சந்தாவுக்காகச் சண்டை போட்டோம், ஆனால் பேசிக்கொண்டே போட்டோம்.

மழை விட்டதும் அவர் ஊர் அம்மன் நோம்பி, அதாவது திருவிழா, வந்தது. கேங்கைக் கூப்பிட்டார். செயலாளரையும் கூப்பிட்டார். மலைக்காற்று, கறிச்சோறு என்றதும் செயலாளர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் மேட்டின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அந்த ஊரில் நோம்பிக் கிடாய்க் கறியை ஒரு அகலப் பாறையில் இலை விரித்துக் கூறு கூறாக வைப்பார்கள். வரி கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக வந்து ஒரு கூறு எடுத்துக்கொள்ளும். வரி வசூலித்தவர் வெறுங்கையோடு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கூறு கடைசி. அதை எடுப்பதற்கு முன்னால் வரி கொடுத்த எந்த வீடும் அவரை எதுவும் கேட்கலாம். பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கூறு கேட்ட வீட்டுக்குப் போய்விடும். அந்த வருஷம் வசூலித்தவர் சடையண்ணன்.

"மேளக்காரரு பாதில எந்திரிச்சுப் போனாரே, ஏனுங்க?" என்றார் ஒரு அம்மா.

"அவரு மச்சானுக்குத் தேள் கொட்டிருச்சுங்க."

"போன நோம்பிக்குப் பந்தல்ல கட்டுன துணி உங்கூட்டு மாட்டுக் கொட்டாயில தொங்குதாமே."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "தொவைச்சுக் காயப் போட்டனுங்க. எடுத்து வெக்க மறந்துட்டனுங்க."

"எத்தன மாசமாக் காயுது?"

பாறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் செயலாளர்தான். துணியைப் பொழுது சாய்வதற்குள் கோயிலில் கொடுக்கிறேன் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் கூறு கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது செயலாளரிடம் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்களா? அடுத்த கேட் மீட்டிங்குல நம்மளுதும் இப்பிடியே வெச்சுக்கலாங்களா?"

"வெச்சுக்கலாம் தோழர், வெச்சுக்கலாம்" என்றார் செயலாளர், வயிற்றைத் தடவிக்கொண்டு. கீழ்நாட்டில் அது சாப்பிட்ட வீட்டில் சொல்லும் உபசார வார்த்தை. மலையில் சொன்னால் அது வாக்கு. செயலாளருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கேட் மீட்டிங் என்றால் வேலை முடிந்து போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தலைவர்கள் மைக்கில் பேசுவது. பேசி முடித்ததும் கார் ஏறிவிடுவார்கள். அன்றைக்குச் செயலாளர் பேசி முடித்துத் திரும்பியபோது, தரையில் இலை விரித்து, சமைத்த ஆட்டுக்கறி கூறு கூறாக இருந்தது. மேட்டின் கைவண்ணம். ஒவ்வொருவராக எடுத்தோம். சடையண்ணன் என்னையும் கூப்பிட்டு ஒரு கூறு கொடுத்தார். செயலாளரும் கை நீட்டினார்.

"உங்க கூறு கடைசிங்க" என்றார் சடையண்ணன். "ஒத்துக்கிட்டீங்களே."

செயலாளர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. காரைப் பார்த்தார். பிறகு நின்றார். அதற்காக அந்த மனிதரையும் ஒரு சொல் பாராட்டத்தான் வேண்டும்.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"காலேஜு, நீ வரி குடுக்கல. உக்காரு."

"கறி மட்டும் குடுத்தீங்க?"

"சோறு எல்லாத்துக்கும். கேள்வி குடுத்தவனுக்கு."

என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான கறியை அவ்வளவு எரிச்சலோடு தின்றதில்லை. கவிதாக்கா கேட்டார். வளைவில் லுக்-அவுட்டை எடுத்துவிட்டார்களே, நீங்கள் யாரிடம் என்ன பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள். செயலாளர் மேலே, கீழே, கடிதம், பேச்சுவார்த்தை என்று சுற்றினார். கவிதாக்கா விடவில்லை. "யாருகிட்டீங்க? பேரச் சொல்லுங்க" என்றார். பேர் இல்லை. அவர் இன்னும் யாரிடமும் பேசவே இல்லை.  கவிதாக்கா குனிந்து அந்தக் கூறை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் கொறைஞ்சு போயிரலீங்க" என்றார் சடையண்ணன், செயலாளரின் தோளைத் தொட்டு. "நாளைக்கு வளைவுல வந்து எங்ககூடச் செத்த நேரம் குனிஞ்சு நில்லுங்க. அப்பறம் பேசறதுக்கு உங்களுக்கே பேச்சு வரும்."

வந்தார். கடப்பாரையைப் பிடித்துக் குனிந்தார். வண்டி வந்தபோது சடையண்ணன் எங்களோடு சேர்த்து அவரையும் கூப்பிட்டார். தோழர் என்றோ தலைவர் என்றோ கூப்பிடவில்லை. வெறும் பேர். செயலாளர் ஒதுங்கிய கொஞ்ச நேரத்தில் இஞ்சின் பாறையைத் திரும்பியது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த வாரமே, எங்கள் வளைவுக்கு மட்டும் லுக்-அவுட் தனியாக நிற்கலாம் என்று உத்தரவு வந்தது. சடையண்ணன் பேருக்கே வந்தது.

அண்ணன் என்னிடம் வந்து "பாத்தியா" என்று சொல்லவில்லை. நான் அதற்காகவே காத்திருந்தேன், ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கிழங்கு மட்டும்தான் கொடுத்தார்.

மிளகுப் பருவம் வந்து அவர் லீவில் போனதும், மாற்று ஆள் இல்லை, கொஞ்ச நாளைக்குச் சமாளியுங்கள் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். பிறகு அவர் விழுந்த சேதி வந்தது. அதற்கப்புறம் யாரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் மறுபடி குனிந்துவிட்டோம்.

காரியத்துக்கு மறுநாள் கறிச்சோறு. கேங் முழுவதும் மலைக்குப் போயிருந்தோம். செயலாளரும் வந்தார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பேசினார். பாறையில் கூறு வைத்தார்கள், எல்லோரும் எடுத்தார்கள். செயலாளரும் ஒன்றை எடுக்கப் போனார். ராசம்மாக்கா வாசலை விட்டு எழுந்து பாறைக்கு வந்தார்.

"இருங்க. ஒரு கேள்வி இருக்குதுங்க."

"கேளுங்கம்மா."

"அவரு நின்ன எடத்துல இப்ப யாருங்க நிக்கறாங்க?"

செயலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். "அம்மா, அது சங்கத்து விசயம். அப்பறமா..."

"எங்கூட்டுச் சம்பளத்துல புடிச்ச சந்தாதானுங்களே. நானும் குடுத்திருக்கறேன். கேக்கறேன்."

"மேல பேசிட்டு..."

"மேலதான் வந்திருக்கறீங்க" என்றார் கவிதாக்கா. "பேசுங்க."

அந்த ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் போன் எடுக்கும், மிளகுக் காட்டைத் தாண்டி ஒரு மேட்டுப் பாறை. செயலாளர் பளபளச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஏறினார். கீழே நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. சங்கம் எனக்காகப் பேசுவதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"நாளையிலிருந்து ஆளு நிக்கலாம். கேங்குலயே ஒருத்தரச் சொல்லச் சொல்லிட்டாங்க."

ராசம்மாக்கா ஆறிப்போன கூறை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் முந்தானையை முகத்தில் வைத்து அழுதார். சேதி வந்த நாளிலிருந்து அவர் அழுததை நான் பார்த்திருக்கவில்லை.

மேட் என் பக்கம் கையை நீட்டினார். "இவன் நிக்கட்டும்."

"இவனா? இவன் ஒரு எடத்துல நிக்க மாட்டானே" என்றார் கவிதாக்கா.

"அவரும் இவனத்தான் சொல்லிட்டிருந்தாரு" என்றார் ராசம்மாக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு எடத்துல நிக்காதவன் நாலு பக்கமும் பாப்பான்னு."

நான் நேராகச் செயலாளரிடம் போய், "மெம்பர் ஃபாரம் இருக்குதுங்களா?" என்றேன். பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருந்த காரில் இருந்தது. அதுவரை நடந்து போய், கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"நல்ல முடிவு தம்பி."

"சந்தோசப்படாதீங்க. அடுத்த கேட் மீட்டிங்குல கக்கூசப் பத்திக் கேக்கறதுக்குத்தான்."

ஆக, மறுபடி சந்தா பிடிக்கப் போகிறார்கள். சங்கத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வந்துவிடவில்லை. சடையண்ணன் ஜெயித்தார் என்றும் யாரும் நினைக்க வேண்டாம், அந்தச் சண்டை இன்னும் பாக்கி. எதிரில் நின்று போட அவர் இல்லை, அவ்வளவுதான். கிழங்கை என் பக்கம் தள்ளுவதற்கும் ஆளில்லை.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது என்ன என்று மேட் கடைசியில் எழுதச் சொன்னார். கொடி சர்க்காருடையது, விசிலும் சர்க்காருடையது. அந்தக் கூப்பிடுதல் மட்டும் என்னிடம் இருக்கிறது. முதல் நாள் வளைவில் நின்று ஒவ்வொரு பேராகச் சொன்னேன். என் குரலுக்கு இவர்கள் திரும்புவார்களா என்று பயமாக இருந்தது. திரும்பினார்கள். கவிதாக்கா குரல் கொடுத்தார், மேட் குரல் கொடுத்தார், எல்லோரும் கொடுத்தார்கள். எல்லோரும் வந்த பிறகும் இன்னும் ஒரு பேர் பாக்கி இருப்பதுபோல வாய் திறந்தே இருந்தது. அது என் பேர்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பாறைப் பக்கம் திரும்பி, சத்தமாக, "வந்துட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இதைக் கேங் குடிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கருவிகளைத் தூக்கிவிட்டார்கள், வளைவுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கொடி என்னிடம் இருக்கிறது. நான் போகணும்.